முப்பத்தொன்றாம் பொருள்

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். என் மனைவியின் அண்ணன், லிஃப்ட் மெக்கானிக். விடுமுறை நாளிலும் கருவிப் பை இல்லாமல் வரமாட்டார். எந்த நேரத்திலும் யாராவது இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டு கூப்பிடுவார்கள். பையைக் கதவோரம் வைத்தார். நாற்காலியைத் தூசி தட்டிவிட்டு உட்கார்ந்தார். அதை நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"சாப்பிடறீங்களா மாப்பிள்ளை?"

"சாப்பிடறேன்."

"பாத்தா தெரியல. சட்டையை ஆணியில மாட்டின மாதிரி இருக்கு."

டீ போட்டுக் கொடுத்தேன். பால் இல்லை. அவர் அப்படியே குடித்தார். பிறகு வந்த காரியத்துக்கு வந்தார்.

"அகராதி எப்ப வருது?"

"வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது. வெளிய வர ரெண்டு மாசம் ஆகும்."

"அப்பா அரிச்சு எடுக்கறார். பொண்ணு சொல்லிட்டுப் போயிருக்காளே. 'ஒரே ஒரு சொல்லுப்பா, ஆனா அதுக்கு அறுபத்துநாலு அர்த்தம், அத்தனையும் நான் எழுதினது, என் பேர் வரும்'னு. எந்தப் பக்கத்துல வரும்னு கேட்டுட்டு வரச் சொன்னார். அந்த ஒரு பக்கத்தை முன்கூட்டியே காட்டினா நல்லா இருக்கும். அவர் உடம்பு ரெண்டு மாசம் தாங்குமோ என்னவோ."

"முன்பக்கத்துல வரும். தயாரிச்சவங்க பட்டியல்ல."

"இருக்குல்ல?"

"இருக்கும்," என்றேன்.

அவள் பெயர் இல்லை. அந்தப் பட்டியலில், அந்தச் சொல்லுக்கு நேராக இருந்தது என் பெயர். அவள் அப்பாவிடம் சொல்லிவைத்திருந்தது எனக்கு அன்றுதான் தெரியும்.

கிளம்பும்போது மச்சான் செருப்பைப் போட்டுக்கொண்டே, வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்.

"ஊர்க்கதை எல்லாம் வாய் ஓயாமப் பேசுவா. வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லல பாருங்க. சரியான அழுத்தக்காரி."

நானும் வழக்கம்போலத் தலையாட்டினேன். அவள் இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. மூக்குக்கண்ணாடிக் கடையில், வேலை நேரத்தில், உட்கார்ந்த இடத்திலேயே போய்விட்டாள். இதயம். முன்னாலேயே வலி இருந்திருக்குமே, யாரும் கவனிக்கவில்லையா என்று டாக்டர் கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை டாக்டர் என்று சொன்னவன் நான்தான். மச்சான் அப்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எங்கள் அலுவலகம் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கிறது. ஐந்து மேசைகள், சுவர் நிறைய சீட்டுப் பெட்டிகள். ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் பொருள் எழுதுகிறோம். ஒவ்வொரு சொல்லுக்கும் பல வருடங்களாகச் சேர்த்த வெள்ளைச் சீட்டுகள் உண்டு. ஒரு சீட்டில் ஓர் ஆங்கில வாக்கியம். அவற்றைப் பிரித்து, பொருள் வாரியாக அடுக்கி, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு மஞ்சள் சீட்டு எழுத வேண்டும். மஞ்சள் சீட்டில் தமிழ்ப் பொருள், கீழே ஓர் உதாரண வாக்கியம், வலது மூலையில் எழுதியவரின் முதலெழுத்துகளும் தேதியும்.

உதாரணத்துக்குத் தலைமை ஆசிரியர் ஒரு விதி வைத்திருந்தார். அவரை நாங்கள் மேடம் என்போம். உதாரணம் புத்தகத்திலிருந்து வரக் கூடாது. அந்த வாரம் நம் காதில் விழுந்ததாகவோ கண்ணில் பட்டதாகவோ இருக்க வேண்டும். பன்னிரண்டு சொல்லைத் தாண்டக் கூடாது.

நீளமான சொற்கள் சுலபம். விஞ்ஞானச் சொல் ஒரே சீட்டில் முடிந்துவிடும். சின்ன வினைச்சொற்கள்தான் ஆளை விழுங்கும். எனக்குக் கொடுத்தது 'ரன்'. ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து. வெள்ளைச் சீட்டுகள் ஒன்பது செருப்புப் பெட்டி.

"இன்னைக்கு எத்தனை ரன்?" என்று அச்சுக்கோப்பவர் தினமும் கேட்பார். இரண்டு மாதத்தில் நான் எடுத்தது ஏழு. அந்த ஏழிலும் 'ஓடு' என்றுதான் எழுதியிருந்தேன். முதுகலைப் பட்டம் வாங்கியவன் நான். பெட்டிகளை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கட்டிலில் வைத்துவிட்டுப் பக்கத்தில் படுத்துக்கொண்டேன்.

அவள் கடையிலிருந்து ஏழு மணிக்கு வருவாள். ஒருநாள் என் மஞ்சள் சீட்டு ஒன்றை எடுத்துப் படித்தாள்.

"மூக்கு ஓடுதுன்னு எழுதியிருக்கீங்க. எங்க ஓடுது, பஸ்ஸைப் பிடிக்கவா?"

"வேற எப்படி எழுதறது?"

"ஒழுகும்ங்க. மூக்கு ஒழுகும். சாயம் போகும். கடை நடக்கும். எல்லாத்தையும் ஏன் ஓட விடறீங்க, பாவம்."

மறுநாள் முதல் அவள் உட்கார்ந்தாள். சீட்டுகளைக் கட்டில் முழுக்கப் பரப்பினாள். பறந்துவிடும் என்று மின்விசிறியை நிறுத்தினாள். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கற்றை. கற்றைக்கு ஒரு துணி கிளிப். கிளிப் எல்லாம் சீட்டுக்குப் போனதால் மாடியில் காய்ந்த என் பனியன் இரண்டு முறை பக்கத்து வீட்டுக்குப் பறந்தது. "ரன் அவுட்," என்றாள். நான் சிரிக்கவில்லை. வியர்வையில் எரிச்சலாக இருந்தது.

அவளுக்கு ஆங்கிலம் என்னைவிட அதிகம் தெரியும் என்று சொல்ல முடியாது. ஆனால் கடையில் நாள் முழுக்க மனிதர்களைக் கேட்டுக்கொண்டிருந்தவள். கண் பரிசோதனை எழுத்துப் பலகையைப் பார்த்துத் தெரியாத எழுத்தைத் தெரிந்ததுபோலச் சொல்பவர்களை உடனே கண்டுபிடித்துவிடுவாள். ஒரு சொல்லும் அவளை அப்படி ஏமாற்ற முடியாது.

"தேர்தல்ல இங்கிலீஷ்காரங்க ஓடறாங்க, நாம நிக்கறோம். யாருங்க ஜெயிப்பா?"

"வேலையைப் பாரு," என்றேன். என் வேலையை.

அவள் முடிக்க ஐந்து மாதம் ஆயிற்று. சொல்லின் பிறப்பைப் பற்றி அலுவலகத்திலிருந்து நான் கொண்டுவந்த நகல் தாள்களையும் அவள்தான் படித்தாள். ஒருநாள் மாலை எழுந்து உட்கார்ந்து, "ஏங்க, இது ஒண்ணு இல்ல, ரெண்டு," என்றாள். உற்சாகமாக ஏதோ சொல்லிக்கொண்டே போனாள். நான் தலையணையை முகத்தின் மேல் வைத்துக்கொண்டிருந்தேன். "ம்" என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது.

எழுதிய மஞ்சள் சீட்டுகளை மாலையில் என் மேசையில் வைத்துவிடுவாள். காலையில் அவள் குளிக்கப் போனதும் நான் அவற்றைப் பார்த்து என் கையெழுத்தில் எழுதுவேன். மூலையில் என் முதலெழுத்துகளும் அன்றைய தேதியும் போடுவேன். பிறகு அவள் எழுதியதைக் கிழித்து, காய்கறித் தோலோடு கலந்து, போகும் வழியில் குப்பைத் தொட்டியில் போட்டுவிடுவேன். ஒருநாள் அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"வெச்சிருந்தா என்ன?"

"இடம் இல்ல."

அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். கட்டில், மேசை, ஓர் அலமாரி. மிச்சம் எல்லாம் இடம்தான். கொஞ்ச நேரம் கழித்து, "மூலையில யார் எழுத்து போடறீங்க?" என்று கேட்டாள்.

"என்னோடதுதான். ஆபீஸ் விதி. முன்பக்கத்துல உன் பேரைப் போடச் சொல்லிடறேன்."

அவள் பாதியில் நிறுத்திவிடக் கூடாது என்பதற்காகச் சொன்னது. நம்பிவிட்டாள். அப்பாவிடமும் சொல்லியிருக்கிறாள்.

நகல் எடுக்கும் பழக்கம் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். பார்த்து எழுதும்போது படிக்கக் கூடாது என்று எங்கள் அலுவலகத்தில் முதல் வாரமே பழக்கிவிடுவார்கள். படித்தால் மனம் திருத்தத் தொடங்கும். எழுத்து எழுத்தாகத்தான் பார்க்க வேண்டும். நான் அதில் கெட்டிக்காரன். ஒரு பக்கத்தைப் பிழையில்லாமல் எழுதிவிட்டு, அதில் என்ன இருந்தது என்று கேட்டால் விழிப்பேன்.

அவள் வேலையை முடித்தாள். நான் அலுவலகத்தில் கொடுத்தேன். பத்தாம் நாள் அவள் போய்விட்டாள். காரியங்கள் முடிந்து நான் திரும்பியபோது மேடம் என்னை அழைத்து, அந்தச் சொல்லை முழுக்கப் படித்ததாகவும், இப்படி ஒரு பதிவு இருபது வருடத்தில் தன் மேசைக்கு வந்ததில்லை என்றும் சொன்னார். என்னை உதவி ஆசிரியர் ஆக்கினார். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். துக்கத்தில் இருப்பவனிடம் யாரும் அதிகம் கேள்வி கேட்பதில்லை. அந்த வசதியை நான் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டேன்.

திங்கட்கிழமை மெய்ப்பு பார்த்தோம். எங்கள் அலுவலகத்தில் அதை இருவராகத்தான் செய்வோம். ஒருவர் அச்சான தாளைச் சத்தமாக வாசிப்பார். மற்றவர் கையெழுத்துச் சீட்டை வைத்துக்கொண்டு சரிபார்ப்பார். வாசித்தவர் மெய்ப்புத் திருத்துநர் அக்கா. எந்தப் பேச்சையும் 'அவ்வளவுதான்' என்று முடிப்பதால் அவருக்கு முற்றுப்புள்ளி என்று பெயர். அவருக்கும் அது தெரியும்.

"ரன். வினைச்சொல். ஒண்ணு," என்று தொடங்கினார்.

அந்த வாக்கியங்களை நான் அதுவரை கேட்டதில்லை. எழுதியிருக்கிறேன், அவ்வளவுதான்.

"'குழாயில் தண்ணீர் ஓடுகிறது, மூடுங்கள் என்று இரண்டு முறை சொன்னேன்.' சரியா?"

"சரி."

"'சிவப்புத் துண்டின் சாயம் போய் அவருடைய வெள்ளைச் சட்டை கெட்டது.' சரியா?"

"சரிக்கா."

"'படம் பதினாறு நாள் ஓடியது, நாங்கள் பதினேழாம் நாள் போனோம்.'" அக்கா கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "தம்பி, ஆள் பாத்தா உம்மணாமூஞ்சி. உள்ள இவ்வளவு குறும்பா? ஒவ்வொண்ணும் யாரோ வீட்டுக் கதவுல காதை வெச்சுக் கேட்டு எழுதின மாதிரி இருக்கு."

அக்கா வாசித்துக்கொண்டே போனார். 'மேல்மாடிக்காரர் குடியிருப்போர் சங்கத் தேர்தலில் நிற்கிறார், ஆனால் எங்கள் வீட்டில் உட்கார்ந்தே இருக்கிறார்.' 'சொல்ல இருந்ததெல்லாம் தீர்ந்துபோனதும் அவர் செய்தித்தாளை எடுத்துக்கொள்கிறார்.' அச்சுக்கோப்பவர் அடுத்த மேசையில் சிரித்தார். அந்த 'அவர்' யார் என்று அவர்களுக்குத் தெரியாது. ஐந்து மாதமாக எங்கள் வீட்டில் நடந்ததெல்லாம் வரிசையாக வந்தது. அவள் விதியை அப்படியே பின்பற்றியிருக்கிறாள். அந்த வாரம் கண்ணில் பட்டது, காதில் விழுந்தது.

"முப்பத்தொண்ணு. வலி, நடுக்கம் போன்றவை உடலில் ஓரிடத்திலிருந்து பரவுதல். 'தோளில் தொடங்கும் வலி இடது கை வழியாகச் சுண்டுவிரல்வரை ஓடுகிறது.' சரியா?"

கையிலிருந்த சீட்டைப் பார்த்தேன். என் கையெழுத்து. ஒற்று ஒன்றுகூட விடுபடவில்லை. மூலையில் என் முதலெழுத்துகள். அதன் கீழே தேதி. பொருள்களுக்கு வரிசை எண் போட்டது எல்லாம் எழுதி முடிந்த பிறகுதான். கடினமான பொருள்களை அவள் கடைசிக்கு வைத்திருந்தாள். அந்தத் தேதியிலிருந்து அவள் இறந்த நாள் வரை எண்ணினேன். பதினேழு.

அந்தக் காலை எனக்கு ஞாபகம் வந்தது. குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து மேசையருகில் நின்றாள். வழக்கமாக நிற்கமாட்டாள்.

"பாத்தீங்களா?" என்றாள்.

"பாத்தேன்."

"சரியா இருக்கா?"

"சரியா இருக்கு," என்றேன், சீட்டைக் கிழித்துக்கொண்டே. அவள் கொஞ்சம் நின்றுவிட்டு, கடைக்கு நேரமாகிவிட்டது என்று போனாள்.

"தம்பி, சரியா?" என்றார் அக்கா.

"சரி. அடுத்தது போங்கக்கா."

செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டைத் தேடினேன். அவள் கையெழுத்தில் ஒரு சீட்டாவது எங்காவது தங்கியிருக்கும் என்று பார்த்தேன். மெத்தைக்கு அடியில், பெட்டிகளில், அலமாரியின் பின்னால். கடைப் பட்டியல் ஒன்று கிடைத்தது: சோப்பு, பிளேடு, மஞ்சள் சீட்டு ஒரு கட்டு. பிறகு ஒரு தகர டப்பா நிறைய துணி கிளிப். நான் அவ்வளவு சுத்தமாக வேலை செய்திருந்தேன்.

புதன்கிழமை மேடத்தின் அறைக்குப் போனேன். கதவைச் சாத்தவில்லை. நின்றுகொண்டே சொன்னேன்.

"'ரன்' நான் எழுதினது இல்ல மேடம். என் மனைவி எழுதினது. நான் பாத்து எழுதினேன். பட்டியல்ல அவ பேரைப் போடணும்."

மேடம் பேனாவை மூடினார். என்னை வெகுநேரம் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. நான் எதிர்பார்த்தது கோபம்.

"உக்காருங்க."

உட்கார்ந்தேன்.

"என் வீட்டுக்காரர் போனப்ப நானும் இப்படித்தான். நான் செஞ்சதையெல்லாம் அவர் செஞ்சதா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். அவர் கட்டாத வீட்டை அவர் கட்டினார்னு சொல்லியிருக்கேன். தப்பில்ல. ஆனா அகராதியில அப்படிப் பேர் போட முடியாது. ஒண்ணு செய்யலாம். அடுத்த பக்கம் காலியா இருக்கு. 'இப்பணிக்குத் துணைநின்ற மனைவியின் நினைவுக்கு'ன்னு ஒரு வரி, அவங்க பேரோட. நான் இதுவரை யாருக்கும் இதைச் செஞ்சதில்ல."

வெளியே அக்கா யாரிடமோ தாழ்ந்த குரலில், "பாரு, எப்பேர்ப்பட்ட புருஷன்," என்றார்.

அதை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். மாமாவுக்குப் பெயர் தெரியும். பக்கம் கிடைக்கும். மச்சான் என் கையைப் பிடித்துக்கொள்வார். பதவி போகாது. எல்லோரும் என்னை நல்லவன் என்பார்கள். துணைநின்ற மனைவி. கட்டிலில் பெட்டிகளுக்குப் பக்கத்தில் படுத்திருந்தது யார், உட்கார்ந்திருந்தது யார் என்று யாரும் கேட்கப்போவதில்லை.

"என்கிட்ட கேளுங்க மேடம்," என்றேன்.

"என்ன கேக்கறது?"

"அந்தச் சொல்லைப் பத்தி. எது வேணும்னாலும் கேளுங்க."

"இது என்ன பரீட்சையா?"

"ஆமா மேடம்."

அவருக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் மெய்ப்பை எடுத்துப் புரட்டினார். முதலில் என்னைச் சமாதானப்படுத்துவதுபோலத்தான் கேட்டார்.

"தண்ணி ஓடறதை முதல் பொருளா வெச்சு, கால்ல ஓடறதை ரெண்டாவதா வெச்சிருக்கீங்க. மத்த அகராதியில மாத்தி இருக்கும். ஏன்?"

"தெரியாது."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சாலும் தெரியாது மேடம்."

"சரி. குதிரையை ஓட்டறது, கடையை நடத்தறது, துணியில ஊசியை ஓட்டறது. இதெல்லாம் தனிக் கிளையா பின்னாடி பிரிச்சு வெச்சிருக்கே, அது எதனால?"

"தெரியாது."

அவர் குரல் மாறியது. நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு கேட்டதெல்லாம் வேறு மாதிரிக் கேள்விகள். அந்தப் பழைய வடிவம் எங்கிருந்து எடுத்தது? பன்னிரண்டையும் பதின்மூன்றையும் ஏன் சேர்க்கவில்லை? சீட்டில் 'சாய்வாக ஓடும் சாலை' என்று எழுதி அடித்துவிட்டு 'செல்லும்' என்று மாற்றியிருக்கிறதே, மாற்றியது ஏன்? அந்த அடித்தலைக்கூட நான் பார்த்து எழுதியிருந்தேன். ஒவ்வொன்றுக்கும் தெரியாது என்றேன். வெளியே தட்டச்சுச் சத்தம் நின்றுவிட்டது. அக்காவின் குரலும் இல்லை. காது மடல் சுட்டது. ஆனால் ஒவ்வொரு தெரியாதுக்கும் ஒரு சீட்டு அவளிடம் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. அதனால் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

மேடம் தாள்களைக் கீழே வைத்தார்.

"பழைய இங்கிலீஷ்ல ரெண்டு வினை இருந்தது. தானா ஓடறது ஒண்ணு. இன்னொண்ணை ஓட வைக்கறது ஒண்ணு. காலப்போக்குல ரெண்டும் ஒண்ணாயிடுச்சு. இதை எழுதினவங்க அறுபத்துநாலு பொருளையும் அந்த ரெண்டு கிளையா பிரிச்சிருக்காங்க. ஒரு பிசிறு இல்லாம. இதைப் பாத்துத்தான் உங்களை உதவி ஆசிரியர் ஆக்கினேன்."

"அவ சொன்னா மேடம். 'இது ஒண்ணு இல்ல, ரெண்டு'ன்னு. நான் கேக்கல."

"அவங்க என்ன படிச்சிருந்தாங்க?"

"வணிகவியல். கண்ணாடிக் கடையில வேலை."

"எனக்கு ஒருதடவைகூட அறிமுகப்படுத்தல நீங்க."

"இல்ல மேடம்."

"வேற எந்தச் சொல்லாவது?"

"இல்ல. இது மட்டும்தான். மத்தது நான் எழுதினது. பாத்தாலே தெரியும்."

"தெரியுது," என்றார். அதில் கேலி இல்லை. "அவங்க எழுதின சீட்டு?"

"கிழிச்சுட்டேன்."

மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த இடத்தில் திட்டியிருக்கலாம். பிறகு பட்டியலை இழுத்து, என் பெயரை ஒரே கோடாக அடித்தார். தாளை என் பக்கம் திருப்பினார்.

"நீங்களே எழுதுங்க. எழுத்துப் பிழை இருக்கக் கூடாது."

எழுதினேன்.

"இனிஷியல்?"

வாக்காளர் அட்டையில், கடை அடையாள அட்டையில், இறப்புச் சான்றிதழில் எல்லாம் என் எழுத்துதான் இருந்தது. நான் அவள் அப்பாவின் எழுத்தைப் போட்டேன்.

"நகல் எடுத்தவங்க பேரையும் போடறது நம்ம வழக்கம்," என்றார் மேடம். அடியில் சின்ன எழுத்தில் 'நகல்' என்று எழுதி, என் பெயரைப் போட்டார். "ஒண்ணாம் தேதியிலிருந்து நகல் மேசைக்குப் போயிடுங்க. அங்கதான் உங்களுக்குக் கை வரும்."

வெளியே வந்தேன். அச்சுக்கோப்பவர் தன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். முற்றுப்புள்ளி அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். 'அவ்வளவுதான்' என்று சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. மெய்ப்புத் தாள்களை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"அவங்க வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டு. நான் இன்னொண்ணு எடுத்துக்கறேன்."

அதுவரை 'நீங்க' என்றுதான் பேசுவார்.

அடுத்த ஞாயிறு மாமனார் வீட்டுக்குப் போனேன். இரண்டாம் மாடி, லிஃப்ட் கிடையாது. "ஊருக்கெல்லாம் லிஃப்ட் ஓட்டறேன், என் வீட்டுல நடந்துதான் ஏறணும்," என்று மச்சான் எப்போதும்போலச் சொல்லிக்கொண்டே முன்னால் ஏறினார். மாமா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். காது சரியாகக் கேட்காது. அவள் கடையிலிருந்து வாங்கிக் கொடுத்த பூதக்கண்ணாடி மடியில் தயாராக இருந்தது.

திருத்திய பட்டியலைக் கொடுத்தேன். மகளின் பெயரைக் கண்டுபிடித்தார். விரலை அதன்மேல் வைத்துக்கொண்டார். தன் எழுத்து முன்னால் இருப்பதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அடியில் இருந்த சின்ன எழுத்துக்கு அவர் வரவே இல்லை.

மச்சான் வந்தார். "நகல்னு உங்க பேர் போட்டிருக்கே மாப்பிள்ளை. அப்படின்னா?"

"அவ எழுதினதை நான் பாத்து எழுதினேன். என் பேர்ல குடுத்தேன். போன புதன்கிழமை வரைக்கும் என் பேர்தான் இருந்துச்சு."

மச்சான் தாளிலிருந்து நிமிர்ந்தார்.

"போன ஞாயித்துக்கிழமை 'இருக்கும்'னு சொன்னீங்களே."

"அப்ப இல்ல."

அவர் மெய்ப்பை வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை. நின்றேன். அவர் ஒவ்வொன்றாகப் படித்தார், அப்பாவுக்குக் கேட்கட்டும் என்று சத்தமாக. முதலில் இறுக்கமாகத்தான் படித்தார். பதினெட்டாம் பொருளில் தலையை நிமிர்த்தினார்.

"'மோட்டார் ஓடுகிறது, ஆனால் லிஃப்ட் மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை.' அப்பா, இது நான் சொன்னது. ஒருநாள் ஃபோன் பண்ணிக் கேட்டா. மெஷின் ஓடறதை நீங்க என்னன்னு சொல்வீங்க அண்ணான்னு. என்னையும் புத்தகத்துல ஏத்திட்டா பாரு."

மாமா சிரித்தார். மச்சானும் சிரித்தார். அவள் குரலைத் தொட்டுவிட்டதுபோல இருவரும் அவசரமாக அடுத்ததற்குப் போனார்கள். பனியன் வந்தது. செய்தித்தாள் வந்தது. "இது மாப்பிள்ளைதான்," என்றார் மச்சான், என்னைப் பார்க்காமல். இருபத்தெட்டு. இருபத்தொன்பது. நான் அடுத்த வரிகளை மனப்பாடமாக அறிந்திருந்தேன். தாளைத் திருப்பும்போது இரண்டு பக்கம் சேர்ந்து புரண்டது. முப்பத்தாறுக்குப் போய்விட்டார். கவனிக்கவில்லை.

அப்படியே விட்டிருக்கலாம்.

"மச்சான், ஒரு பக்கம் விட்டுட்டீங்க. குடுங்க, நான் படிக்கறேன்."

வாங்கினேன். முப்பதைப் படித்தேன். பிறகு முப்பத்தொன்றைப் படித்தேன். பொருளையும் படித்தேன், உதாரணத்தையும் படித்தேன். இவை எல்லாம் அந்தந்த வாரம் அவளுக்கு நேர்ந்ததிலிருந்து எழுதியவை என்று சொன்னேன். தேதியைச் சொன்னேன்.

மச்சான் விரல்விட்டு எண்ணவில்லை. அந்தக் கணக்கு அவருக்கும் தெரியும்.

"நீங்க பாத்தீங்களா?" என்றார்.

"பாத்து எழுதினேன். படிக்கல. சரியா இருக்கான்னு கேட்டா. சரியா இருக்குன்னு சொன்னேன்."

அவர் எழுந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். முதுகு மட்டும் தெரிந்தது.

"என்னப்பா?" என்றார் மாமா. "என்ன எழுதியிருக்கா? எனக்குக் கேக்கல."

மச்சான் திரும்பவில்லை. நான் ஜன்னலருகே போய்க் குனிந்து, அவர் காதருகில் இன்னொரு முறை படித்தேன். ஒவ்வொரு சொல்லாக. தோளில் தொடங்கும் வலி. இடது கை வழியாக. சுண்டுவிரல்வரை.

மாமா பூதக்கண்ணாடியை உறையில் போட்டார். அதற்கு வெகுநேரம் ஆயிற்று.

"அப்ப, சொல்லியிருக்கா," என்றார்.

"ஆமா மாமா," என்றேன். "சொல்லியிருக்கா."